ஐபி போன் மக்கர் செய்தால்: எங்கே பார்ப்பது, எதைத் தொடாமல் இருப்பது

“ஏனுங்க, போன் அடிக்குதுங்க, எடுத்தா சத்தமே இல்லீங்க.”

திருப்பூரில் ஏதாவது ஒரு பனியன் கம்பெனி ரிசப்ஷனிலிருந்து காலை பத்து மணிக்கு இப்படி ஒரு அழைப்பு வரும். எனக்குப் போன் போடுவதற்கு முன்பே ரவுட்டரை இரண்டு தடவை அணைத்துப் போட்டிருப்பார்கள். அதைச் செய்ய வேண்டாம் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். ரீஸ்டார்ட் செய்தால் பிழை போவதில்லை. அரை மணி நேரம் ஒளிந்துகொள்கிறது, கூடவே தடயத்தையும் அழித்துவிடுகிறது. அதற்குப் பதிலாக நான் மூன்று கேள்வி கேட்பேன். கேட்காதது யாருக்கு, உங்களுக்கா எதிரில் பேசுபவருக்கா? உள்ளே வரும் காலிலா, வெளியே போகும் காலிலா? எடுத்து எத்தனையாவது நொடியில்? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் பாதி வேலையை வண்டியை எடுக்காமலே முடித்துவிடலாம்.

முதலில் இது எப்படி ஓடுகிறது

பழைய லேண்ட்லைனில் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு ஜோடி செம்புக் கம்பி வரும். டயல் செய்வதும் பேசுவதும் அதே கம்பியில்தான். இன்டர்நெட் வழிப் போனில், அதாவது ஐபி போனில், இவை இரண்டும் தனித்தனி. ‘கூப்பிடு, மணி அடி, எடுத்தாச்சு, வெச்சாச்சு’ என்ற பேச்சுவார்த்தையெல்லாம் எஸ்ஐபி என்ற நெறிமுறையில், வழக்கமாக 5060 என்ற போர்ட்டில் (எண் போட்ட வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள்) நடக்கிறது. குரல் மட்டும் ஆர்டிபி என்ற இன்னொரு நெறிமுறையில் சிறு தரவுப் பொட்டலங்களாக வேறு போர்ட்டுகளில் போகிறது. போன்களை இணைக்கும் சர்வர் ஆஸ்டெரிஸ்க் என்ற மென்பொருளில் ஓடினால் பொதுவாக 10000 முதல் 20000 வரை. பத்திரிகை வைக்கப் போனவர் ஒரு வழியில் போகிறார், சீர்வரிசை வண்டி இன்னொரு வழியில் போகிறது. பத்திரிகை போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்காக வண்டியும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்ப முடியாது.

ஆக, மணியே அடிக்கவில்லையா, எஸ்ஐபி பக்கம் பாருங்கள். மணி அடித்து, எடுத்து, குரல் மட்டும் இல்லையா, ஆர்டிபி பக்கம் பாருங்கள். கீழே உள்ள எல்லாம் இந்த ஒரு பிரிவினையிலிருந்து வருவதுதான்.

இத்தனை தொல்லை இருந்தும் ஏன் இதற்கு மாறுகிறார்கள் என்றால், காரணம் இருக்கிறது. பிஆர்ஐ என்ற பழைய மாதிரி டிஜிட்டல் லைன் ஒன்று எடுத்தால் 30 பேர் பேசலாம். முப்பத்தோராவது ஆளுக்கு இன்னொரு பிஆர்ஐ எடுக்க வேண்டும். எஸ்ஐபி ட்ரங்கில், அதாவது தொலைபேசி நிறுவனம் ஐபி முறையில் தரும் வெளி லைனில், ஐந்து சேனல் கூட்டுவதும் குறைப்பதும் அநேகமாக செட்டிங் மாற்றும் வேலைதான். அவிநாசி ரோட்டு ஆபீஸ், ஊருக்கு வெளியே குடோன், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் கணக்கர் எல்லாரும் மூன்று இலக்க எக்ஸ்டென்ஷனில் பேசிக்கொள்ளலாம். டேபிளை மாற்றினால் போனைக் கையோடு எடுத்துப்போய் வேறு இடத்தில் செருகினால் போதும், நம்பர் கூடவே வந்துவிடும். இபிஏபிஎக்ஸ் என்ற பழைய ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச் காலத்தில் இதற்கு ஆள் வந்து கம்பி மாற்ற வேண்டும்.

“போன் திரையில் நோ சர்வீஸ்னு வருது”

திரையே எரியவில்லை என்றால் அது நெட்வொர்க் பிரச்சினை அல்ல, கரன்ட் பிரச்சினை. பல ஐபி போன்கள் நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் எடுக்கும். அதற்கான 802.3ஏஎஃப் தரத்தில் நெட்வொர்க் ஸ்விட்ச் (கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி) ஒரு போர்ட்டுக்கு, இங்கே கேபிள் செருகும் துளைக்கு, அதிகபட்சம் 15.4 வாட் தரும். ஆனால் ஸ்விட்ச் மொத்தமாக எத்தனை வாட் தரும் என்று பெட்டியின் அடியில் தனியாக எழுதியிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. ஒரு இடத்தில் தினமும் மாலை ஆறரைக்கு ரிசப்ஷன் போன் அணைந்துபோகும், காலையில் தானாக உயிர் பெறும். பேய் பிடித்த போன் என்றே பேர் வைத்துவிட்டார்கள். அதே ஸ்விட்சில் ஆறு கேமராக்கள் இருந்தன. இருட்டியதும் கேமராக்களின் அகச்சிவப்பு விளக்குகள் எரிய ஆரம்பிக்கும், வாட் கூடும், கடைசி போர்ட்டில் இருந்த போனை ஸ்விட்ச் கைவிட்டுவிடும். கேமராக்களைத் தனி ஸ்விட்சுக்கு மாற்றியதும் பேய் ஓடிவிட்டது.

திரை எரிகிறது, சர்வரில் பதிவு மட்டும் ஆகவில்லை என்றால் போனின் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் போனுக்கு ரவுட்டர் முகவரியே தரவில்லை. கேபிளும் ஸ்விட்சும்தான் சந்தேகத்துக்குரியவர்கள். முகவரி சரியாக இருந்தால் பிழை எண்ணைத் தேடுங்கள். 401 ஒரு முறை வருவது இயல்பு. ‘பாஸ்வேர்டு சொல்லு’ என்று சர்வர் கேட்கிறது, அவ்வளவே. திரும்பத் திரும்ப 401 வந்தாலோ 403 வந்தாலோ பாஸ்வேர்டு தவறாக இருக்கலாம். 408, அல்லது பதிலே இல்லை என்றால் சர்வருக்குப் போகும் வழி அடைத்திருக்கிறது.

இதில் ஒரு கூத்து உண்டு. சர்வர் கிளவுடில் இருந்து, அதில் ஃபெயில்டுபேன் போன்ற காவலாளி நிரல் ஓடினால், ஒரே ஒரு போனில் பாஸ்வேர்டு தப்பாக இருந்தாலே போதும். அது விடாமல் முயற்சி செய்யும். காவலாளி அதைத் திருடன் என்று நினைத்து ஆபீஸின் பொது ஐபியையே, அதாவது வெளியுலகுக்குத் தெரியும் முகவரியையே, தடை செய்துவிடும். இருபது போனும் ஒரே நேரத்தில் செத்துப்போகும். எல்லாம் ஒன்றாகப் போய், இன்டர்நெட் மட்டும் நன்றாக ஓடினால் முதலில் தடைப்பட்டியலைப் பாருங்கள். முந்தின நாள் யார் போனை ரீசெட் செய்தார் என்றும் விசாரியுங்கள்.

“நாங்க கூப்பிட்டா போகுது, எங்களுக்கு மட்டும் வர்றதில்ல”

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. அந்தப் போனிலிருந்து யாருக்காவது ஒரு கால் போட்டு வையுங்கள். வைத்த கையோடு மொபைலிலிருந்து அதைக் கூப்பிடுங்கள். மணி அடிக்கும். ஐந்து நிமிடம் சும்மா விட்டுவிட்டு மறுபடி கூப்பிடுங்கள். அடிக்காது.

இப்படி நடந்தால் குற்றவாளி ரவுட்டர். உள்ளே இருக்கும் போன் வெளியே பேசும்போது ரவுட்டர் ஒரு கதவைத் திறந்து வைக்கிறது. சிறிது நேரம் யாரும் அந்த வழியாகப் போகவில்லை என்றால் சாத்திவிடுகிறது. சில ரவுட்டர்கள் அரை நிமிடத்திலேயே சாத்தும். போனோ ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை, அதாவது 3600 நொடிக்கு ஒரு தடவைதான் சர்வரிடம் தலை காட்டும்படி அமைத்திருப்பார்கள். இடைப்பட்ட நேரத்தில் வரும் கால் சாத்திய கதவில் மோதித் திரும்பும். பதிவு நேரத்தை 120 நொடியாகக் குறைத்து, கதவை அவ்வப்போது தட்டிக்கொண்டிருக்கும் கீப்-அலைவ் என்ற செட்டிங்கை 25 நொடி போல வைத்தால் தீர்ந்துவிடும்.

மொபைலில் போட்டிருக்கும் சாஃப்ட்போன் ஆப் மட்டும் திரை அணைந்தபின் அடிக்கவில்லை என்றால் அது வேறு கதை. பேட்டரி சிக்கனம் என்ற பெயரில் போன் அந்த ஆப்பைத் தூங்க வைத்திருக்கும். அந்த ஆப்புக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

“நாங்க பேசறது அவங்களுக்குக் கேக்குது, அவங்க பேசறது எங்களுக்குக் கேக்கல”

ஒருவழிக் குரல். இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்த்த பிழை இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கால் தொடங்கும்போது போன் தன் எஸ்ஐபி செய்தியின் உள்ளே ‘எனக்கான குரலை இந்த முகவரிக்கு, இந்தப் போர்ட்டுக்கு அனுப்பு’ என்று எழுதி அனுப்புகிறது. ஆபீசுக்குள் இருக்கும் போனுக்குத் தெரிந்த முகவரி 192.168.1.25 மாதிரி ஏதாவது ஒன்று. அதை அப்படியே எழுதிவிட்டால் எதிர்முனை என்ன செய்யும்? ‘மாடியில் இரண்டாவது ரூம்’ என்று மட்டும் எழுதிய கடிதம் மாதிரி. எந்த ஊர், எந்தத் தெரு என்று தபால்காரருக்குத் தெரியாது. உங்கள் குரல் அவர்களுக்குப் போகிறது, ஏனென்றால் அவர்கள் கொடுத்த முகவரி சரியானது. அவர்கள் குரல்தான் வழி தெரியாமல் தொலைகிறது.

இந்த முகவரியைத் திருத்தித் தருகிறேன் என்று பல ரவுட்டர்கள் தாமாக முன்வரும். எஸ்ஐபி ஏஎல்ஜி என்று அதற்குப் பேர். பெரும்பாலான வீட்டு, சிறு அலுவலக ரவுட்டர்களில் அது முதலிலிருந்தே ஆன் ஆகியிருக்கும். நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் பாதியைத் திருத்திப் பாதியை விட்டுவிடும், இல்லையென்றால் சர்வர் ஏற்கெனவே திருத்தியதை மறுபடி திருத்தும். நான் எந்த ஆபீசுக்குள் போனாலும் முதல் வேலையாக அதை அணைத்துவிடுவேன். அதன் பிறகு சர்வரில் பொது ஐபி சரியாகக் குறிப்பிட்டிருக்கிறதா, உள் நெட்வொர்க் எது என்று சொல்லியிருக்கிறதா, ஆர்டிபி போர்ட்டுகள் ஃபயர்வாலில் திறந்திருக்கின்றனவா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

சர்வர் ஆபீசுக்குள்ளேயே இருந்தால் ரவுட்டரின் வெளிமுகவரியையும் ஒரு பார்வை பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் உங்களுக்குச் சொந்தமாகப் பொது ஐபி கிடையாது. இணைப்பு தருபவர் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறார். போர்ட் திறப்பதெல்லாம் வீண் வேலை, ஸ்டாட்டிக் ஐபி கேட்டு வாங்குங்கள்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. தொலைபேசி நிறுவனங்கள் எஸ்ஐபி ட்ரங்கைப் பல இடங்களில் பொது இன்டர்நெட்டில் தருவதில்லை. தனி ஃபைபரில், தனியார் ஐபியில் கொண்டுவந்து கொடுப்பார்கள். சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டு இருக்கும், ஒன்று ட்ரங்குக்கு, ஒன்று ஆபீசுக்கு. எஸ்ஐபி பேசும் முகவரி ஒன்று, குரல் வாங்கும் முகவரி இன்னொன்று என்று அவர்கள் வைத்திருக்கலாம். அமைத்தவர் முதல் முகவரிக்கு மட்டும் ரூட், அதாவது எந்தக் கார்டு வழியாகப் போவது என்ற விதி, எழுதிவிட்டுப் போயிருந்தால், மணி அடிக்கும், எடுக்கலாம், ஆனால் உங்கள் குரல் ட்ரங்க் பக்கம் போகாமல் இன்டர்நெட் பக்கம் போய்க் காற்றில் கரையும். எதிரில் இருப்பவர் “ஹலோ, ஹலோ” என்று கத்திக்கொண்டிருப்பார், உங்களுக்கு அது தெளிவாகக் கேட்கும். குரல் முகவரிக்கும் ஒரு ரூட் சேர்த்தால் முடிந்தது. இந்த ஒரு வரிக்காக நான் ஒரு முறை பகல் முழுக்க சர்வர் அறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

“பேசிட்டிருக்கும்போதே கட் ஆயிடுது”

கைக்கடிகாரத்தை எடுங்கள். மூன்று தடவை கூப்பிட்டு, எத்தனையாவது நொடியில் கட் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று தடவையும் 32 நொடி என்று வந்தால் மகிழ்ச்சி அடையலாம், ஏனென்றால் இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. எடுத்தவுடன் ஒரு பக்கம் ‘எடுத்தாச்சு’ என்று சொல்லும். மறுபக்கம் ‘சரி, புரிந்தது’ என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வரவில்லை என்றால் அரை நொடி, ஒரு நொடி, இரண்டு நொடி என்று இடைவெளியைக் கூட்டி மறுபடி மறுபடி சொல்லிப் பார்க்கும். அரை நொடியின் 64 மடங்கு வரைதான் பொறுமை, அதாவது 32 நொடி. பிறகு அழைப்பை வெட்டிவிடும். இத்தனை நேரமும் குரல் நன்றாகப் போய்க்கொண்டிருக்கலாம், அதுதான் ஆட்களைக் குழப்புவது. காரணம் மேலே சொன்ன அதே முகவரிக் குழப்பம்தான். ஏஎல்ஜி, அல்லது சர்வரில் பொது ஐபி தவறு.

சரியாக 15 நிமிடத்திலோ 30 நிமிடத்தை நெருங்கும்போதோ கட் ஆனால் அது செஷன் டைமர். ‘இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்களா’ என்று இரு பக்கமும் இடையிடையே சரிபார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. வழக்கமான கெடு 1800 நொடி, பாதியில் அதாவது 900 நொடியில் புதுப்பிக்க வேண்டும். அந்தப் புதுப்பிப்பு வழியில் தொலைந்தால் கால் போகும். ட்ரங்க் தருபவரிடம் கேட்டு இரு பக்கமும் ஒரே மாதிரி வைக்க வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நேரத்தில் கட் ஆனால்? லைன் சரியில்லை. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

“வாய்ஸ் விட்டு விட்டு வருது, ரோபோ பேசற மாதிரி இருக்கு”

உடனே எல்லாரும் கேட்பது, “ப்ளானை ஏத்திக்கலாமா?” வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜி.711 என்ற கோடெக்கில், அதாவது குரலை எண்களாக்கும் முறையில், குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வொன்றையும் 8 பிட்டில் எழுதுகிறார்கள். அது 64 கிலோபிட். 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலம் என்று நொடிக்கு 50 பொட்டலம், அவற்றின் மேலுறை எல்லாம் சேர்த்து ஒரு திசைக்குச் சுமார் 87 கிலோபிட். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தாண்டாது. 100 மெகாபிட் லைனில் குரலுக்கு இடமில்லை என்பது நம்பும்படியாக இல்லை.

பிரச்சினை இடத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. ஒரு அலுவலகத்தில் தினமும் பதினொன்றரைக்கு மட்டும் குரல் உடையும். விசாரித்தால், மெர்ச்சன்டைசர் சாம்பிள் போட்டோக்களை வெளிநாட்டு பையருக்கு அனுப்பும் நேரம் அது. அப்லோடு முழுவதையும் அந்தப் படங்கள் அடைத்துக்கொள்ள, குரல் பொட்டலங்கள் ரவுட்டர் வாசலில் காத்துக் கிடந்தன. எதிரில் இருப்பவருக்குத்தான் உடைந்து கேட்கும், ரிசப்ஷனுக்கு எல்லாம் தெளிவாக இருக்கும். அப்லோடு அடைப்பு என்பதற்கு அதுவே சாட்சி.

குரல் உடையும் நேரத்தில் சர்வருக்கு ஐந்து நிமிடம் பிங் (போய்வர எத்தனை மில்லிநொடி என்று அளக்கும் கட்டளை) ஓட விடுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். 20, 22, 21 என்று போய்க்கொண்டிருந்தது திடீரென 380, 410 என்று எகிறினால் வரிசை நிற்கிறது என்று பொருள். ஒரு திசையில் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வார்கள்.

தீர்வு ரவுட்டரில் இருக்கிறது. உண்மையாகக் கிடைக்கும் அப்லோடு வேகத்தை அளந்து, அதில் 85, 90 சதவீதத்தை உச்சவரம்பாக வையுங்கள். அப்போதுதான் வரிசை உங்கள் ரவுட்டரில் நிற்கும், யாரை முன்னால் விடுவது என்பதும் உங்கள் கையில் இருக்கும். டிஎஸ்சிபி 46 என்ற முத்திரையோடு வரும் குரல் பொட்டலங்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். அந்த முத்திரையைப் பொது இன்டர்நெட்டில் யாரும் மதிப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், உங்கள் வாசல் வரைக்கும்தான் அதற்கு மரியாதை.

வைஃபையில் ஓடும் போனில் மட்டும் உடைந்தால் அதற்கு ஒரு கேபிள் இழுங்கள்.

“நான் பேசறது எனக்கே திரும்பக் கேக்குது”

எதிரொலியில் ஒரு விதி: கேட்பவர் பக்கம் தப்பு இருக்காது. உங்கள் குரல் உங்களுக்கே கேட்டால், எதிர்முனையில் ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போகிறது, அல்லது நடுவே எங்கோ பழைய செம்புக் கம்பியோடு சேரும் கேட்வேயில் கோளாறு. எல்லாருக்கும் போகும் காலில் எதிரொலித்தால் உங்கள் கேட்வேயைப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட வாடிக்கையாளரிடம் மட்டும் என்றால் அவரை ஸ்பீக்கரை அணைத்துப் பேசச் சொல்லுங்கள்.

“பேங்க்ல ஒன்றை அழுத்தவும்னு சொல்லுது, அழுத்தினா எடுக்க மாட்டேங்குது”

பட்டன் ஒலியைக் குரலோடு கலந்து அனுப்பினால், குரலைச் சுருக்கும் கோடெக்கில் அது சிதைந்துபோகும். ஆர்எஃப்சி 2833, பிறகு வந்த 4733 என்ற முறையில் தனிப் பொட்டலமாக அனுப்பும்படி போன், சர்வர், ட்ரங்க் மூன்றிலும் ஒன்றாக வையுங்கள். ஒன்றை அழுத்தினால் ‘பதினொன்று’ என்று எடுத்துக்கொண்டால், இரண்டு முறையிலும் ஒருசேரப் போகிறது என்று அர்த்தம்.

“லேண்ட்லைனுக்குப் போகுது, மொபைலுக்குப் போகல”

2021 ஜனவரி 15 முதல் இந்தியாவில் லேண்ட்லைன் எண்ணிலிருந்து மொபைலைக் கூப்பிட முன்னால் ஒரு 0 போட வேண்டும். உங்கள் ட்ரங்க் 0421 போன்ற லேண்ட்லைன் எண்ணில் இருந்தால் இது உங்களுக்கும்தான். வெளி லைன் எடுக்கவும் 0 அழுத்தும் பழக்கம் இருக்கும் ஆபீஸ்களில், சர்வர் முதல் 0-ஐ விழுங்கிவிட்டுப் பத்து இலக்கத்தை மட்டும் அனுப்பும். 6, 7, 8, 9-இல் தொடங்கும் பத்து இலக்க எண்ணுக்குச் சர்வரே ஒரு 0 சேர்க்கும்படி டயல் விதி எழுதிவிடுங்கள், ஆட்களைப் பழக்குவதைவிட அது சுலபம்.

“காலை பதினோரு மணிக்கு ஆபீஸ் மூடியிருக்குன்னு சொல்லுது”

சர்வரின் கடிகாரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கிறது, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். 9 முதல் 6 என்று நீங்கள் எழுதியதை அது மதியம் 2.30 முதல் இரவு 11.30 என்று படிக்கிறது. நேர மண்டலத்தை மாற்றுங்கள்.

“கரன்ட் போனா போனும் போயிடுது”

போகத்தான் செய்யும். பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது, வீடு இருட்டாக இருந்தாலும் பேசலாம். இங்கே ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச், சர்வர் நான்கும் உயிரோடு இருந்தால்தான் ஒரு போன் அடிக்கும். யுபிஎஸ் போடும்போது கம்ப்யூட்டர்களுக்குப் போட்டுவிட்டுச் சுவரில் தொங்கும் ஃபைபர் பெட்டியை மறந்துவிடுவது வழக்கம்.

“ராத்திரி ரெண்டு மணிக்கு 100-ங்கற நம்பர்ல இருந்து கால் வருது, எடுத்தா யாருமில்ல”

பேயும் இல்லை, விளையாட்டும் இல்லை. 5060 போர்ட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும் தானியங்கி நிரல்கள் அவை. கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கின்றன. இதை அலட்சியம் செய்யாதீர்கள். 1001 எக்ஸ்டென்ஷனுக்கு 1001 என்றே பாஸ்வேர்டு வைத்திருந்தால், ஒரு சனிக்கிழமை இரவு யாரோ உங்கள் லைனில் வெளிநாட்டுக்குப் பேசித் தீர்ப்பார்கள். திங்கட்கிழமை வரை யாருக்கும் தெரியாது, பில் உங்களுக்குத்தான் வரும். போனில் ‘சர்வரிடமிருந்து வரும் காலை மட்டும் ஏற்கவும்’ என்ற செட்டிங்கை ஆன் செய்யுங்கள். 5060-ஐ இணையம் முழுவதற்கும் திறந்து வைக்காதீர்கள். வெளிநாட்டுக்குப் பேசத் தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களில் 00-ஐ அடைத்துவிட்டு, ட்ரங்க் தருபவரிடமும் ஐஎஸ்டியை மூடச் சொல்லுங்கள்.

எதிலும் அடங்கவில்லை என்றால்

சர்வரில் எஸ்என்கிரெப் என்ற சிறு கருவியைப் போட்டு ஒரு அழைப்பைப் பிடியுங்கள். ஏணிப்படி மாதிரி அம்புக்குறிகளாகக் காட்டும். எந்த அம்புக்குறிக்குப் பதில் அம்புக்குறி இல்லையோ அங்கேதான் நோய். எண்களில் 486 என்றால் எதிர்முனை பிஸி, 488 என்றால் இரு பக்கத்துக்கும் பொதுவான கோடெக் இல்லை, 503 என்றால் அநேகமாக ட்ரங்க் பக்கம் கோளாறு, அல்லது நீங்கள் வாங்கிய சேனல்கள் எல்லாம் நிரம்பிவிட்டன.

ட்ரங்க் தருபவரிடம் புகார் கொடுக்கும்போது தேதி, நொடி வரை நேரம், கூப்பிட்ட எண், கூப்பிடப்பட்ட எண், அந்தக் காலின் கால்-ஐடி (எஸ்ஐபி செய்தியில் இருக்கும் அடையாளக் குறி) ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். கால்-ஐடி இல்லாமல் போனால் “எங்க சைடு எல்லாம் நார்மலாத்தான் சார் இருக்கு, ரவுட்டரை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” என்ற பதில்தான் வரும்.